ஜிஎஸ்டி போனது, பிரீமியம் ஏறியது: யாரைக் கேட்பது?

குரோம்பேட்டையிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. அப்பாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 63. அப்பா மண்ணடியில் ஓர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 2016 ஜனவரியில் 5 லட்ச ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீடு எடுத்து, 2022 ஜனவரியில் அதை 10 லட்சமாக உயர்த்தியிருக்கிறார். ஒரு வருடம்கூட விடாமல் கட்டி வருகிறார்.

கடந்த ஜனவரியில் அவர் கட்டியது 46,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 54,280. ஆகஸ்டில் அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. காப்பீட்டு நிறுவனம் 2,40,000 ரூபாய் கொடுத்தது. இப்போது ஜனவரி 9ஆம் தேதிப் புதுப்பித்தலுக்கு 63,000 கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. “வரியே இல்லை என்று அரசு அறிவித்த பிறகு எப்படி ஏறும்? மூத்த குடிமக்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று செய்தித்தாளில் படித்தேனே? கிளெய்ம் வாங்கியதற்குத் தண்டனையா இது?” என்று கேட்கிறார். இன்னொன்றையும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார்: 2016இல் படிவம் நிரப்பும்போது, அப்பா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை எழுத வேண்டாம் என்று முகவர் சொன்னாராம். அது வெளியே தெரிந்துதான் தொகையை ஏற்றிவிட்டார்களோ என்று பயம். பெங்களூரில் இருக்கும் தம்பி, பாலிசியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை வங்கியில் போடச் சொல்கிறார். முகவரோ வேறு நிறுவனத்தில் 41,000 ரூபாய்க்குப் புதிய பாலிசி இருக்கிறது என்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

மருத்துவமனை பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய, புதிய கட்டண அட்டவணை என்று எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பாலிசி எண்ணைக்கூட மறந்துவிட்டு வருவார்கள். கணக்கு எழுதுகிறவர் என்பது தெரிகிறது. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

உண்மையில் எவ்வளவு ஏறியிருக்கிறது?

54,280 ரூபாய் 63,000 ஆகியிருக்கிறது, எனவே ஏற்றம் 16 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒப்பிடக்கூடாது. பழைய தொகையில் 8,280 ரூபாய் வரி. அது அரசுக்குப் போன பணம். நிறுவனம் தன் கணக்கில் வாங்கியது 46,000. இப்போது வரி இல்லாததால் 63,000 முழுவதும் நிறுவனத்துக்கே. ஆக நிறுவனம் ஏற்றியது 17,000 ரூபாய், ஏறக்குறைய 37 சதவீதம். அரசு விட்டுக்கொடுத்த 8,280 ரூபாய் அந்த ஏற்றத்துக்குள் கரைந்து போனதால்தான் உங்கள் கண்ணுக்கு 16 சதவீதமாகத் தெரிகிறது.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவின்படி, செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு வரி இல்லை. (அலுவலகங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.) அப்படியானால் 18 சதவீதம் குறைய வேண்டுமே என்பது உங்கள் கேள்வி. வேறு எதுவும் மாறாமல் இருந்தால் 118 ரூபாய் 100 ஆகும். அது 118இல் 15.25 சதவீதம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. முகவர் கமிஷன், அலுவலக வாடகை, மென்பொருள் ஆகியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, உங்களிடம் வாங்கிய ஜிஎஸ்டியில் நிறுவனங்கள் கழித்துக்கொண்டிருந்தன. உங்களிடம் வரி வாங்காதபோது கழிக்க இடமில்லை. அந்தச் சுமை செலவாக உள்ளேயே தங்கிவிடுகிறது. இது உண்மையான காரணம்தான். ஆனால் 37 சதவீதத்துக்கு இது காரணமாகாது. யாராவது தொலைபேசியில் “எல்லாம் ஜிஎஸ்டி மாற்றத்தால் மேடம்” என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அரசு நிர்ணயிப்பது எது, விட்டுவைப்பது எது

“பஸ் கட்டணம் மாதிரி அரசுதானே இதை நிர்ணயிக்கிறது?” என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஸ்கூட்டருக்கு எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதால் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன். மருத்துவக் காப்பீட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும், வரப்போகும் கிளெய்ம் செலவைக் கணக்கிடும் தன் கணிப்பாளரை வைத்துத் தானே விலை போடுகிறது. ஐதராபாத்தில் இருக்கும் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, அந்த விலை எந்த விதிகளுக்குள் போடப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது.

அந்த விதிகள் விலையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் ஏற்றத்தான் செய்கின்றன. 2024 ஏப்ரலில் வந்த விதிகளையே பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது) அதிகபட்சம் 4 ஆண்டாக இருந்தது, 3 ஆண்டானது. புதிதாகச் சேர 65 வயது என்ற வரம்பு எடுக்கப்பட்டது. தொடர்ந்து கட்டிவந்தால் பழைய விவரங்களைக் கிளறிக் கிளெய்மை மறுக்க முடியாத நிலை முன்பு 8 ஆண்டுக்குப் பிறகுதான் வரும். இப்போது 5 ஆண்டிலேயே வந்துவிடுகிறது. அதற்கும் முன்பு, 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்றது. இவற்றில் ஒன்றைக்கூட நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இவற்றுக்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒவ்வொன்றாலும் நிறுவனம் கொடுக்க வேண்டிய பணம் கூடுகிறது. அது திரும்பி வரும் இடம் உங்கள் புதுப்பித்தல் அறிவிப்புதான்.

எனக்குச் சண்டை வேறு இரண்டு இடங்களில். ஒன்று, நிர்வாகச் செலவுக்கான வரம்பு. 2023 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் நிறுவனங்கள் மொத்த பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன், சம்பளம், விளம்பரம் என்று செலவழிக்கலாம்; பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 30 சதவீதம். 2023-24 கணக்கில், மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் நிறுவனங்கள் 100 ரூபாய் பிரீமியத்துக்கு ஏறக்குறைய 65 ரூபாய்தான் கிளெய்மாகக் கொடுத்தன. அரசுத்துறை நிறுவனங்களில் அதே கணக்கு 100ஐத் தாண்டியது. பிரீமியம் பற்றிக் கோபப்படுகிறவர்கள் இந்த 35 சதவீதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இரண்டாவது, மருத்துவமனை பில். நீங்கள் அனுப்பிய பில்லை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் அரசு உச்சவிலை வைத்திருக்கும் பெரிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: இதய ரத்தக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலையை 29,600 ரூபாயாக வரையறுத்தது. அதுவரை ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற பொருள் அது. 2018இல் சற்றுக் குறைத்தார்கள்; பிறகு மொத்த விலைக் குறியீட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகிறது, அவ்வளவே. இனி அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளைப் பாருங்கள். கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் அறை) கட்டணம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள், மருத்துவர் வருகைக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, ‘இதர நுகர்பொருட்கள்’ என்ற பெயரில் விவரமில்லாத ஒரு தொகை. இவற்றுக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு, குறைந்தபட்ச வசதி என்று பேசுகிறதே தவிர, தனியார் மருத்துவமனை எவ்வளவு வாங்கலாம் என்று நிர்ணயிப்பதில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சிகிச்சைக் கட்டணத்துக்கு ஒரு வரையறை வகுக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. நல்ல மருத்துவமனைதான் உங்களுடையது, குறை சொல்லவில்லை. ஆனால் வாசலில் ஒரு பக்கத்தை மட்டும் பூட்டியிருக்கிறோம்.

அந்த 10 சதவீதம்

நீங்கள் படித்த செய்தி சரியானதுதான். 2025 ஜனவரி 30ஆம் தேதி ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை, 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிறது. ஆனால் செய்தித் தலைப்பில் இல்லாத ஒரு பகுதி உண்டு: அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தை முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். எனவே 10ஐத் தாண்டிய உடனேயே சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. “கலந்து பேசினீர்களா?” என்று கேட்கலாம். உங்கள் முந்தைய புதுப்பித்தல் இந்தச் சுற்றறிக்கைக்குச் சில வாரங்கள் முன்பு நடந்துவிட்டது. அதனால் அதைச் சுட்டிக்காட்டி நீங்கள் கேட்பது இதுவே முதல் தடவை.

கேட்பதற்குமுன் இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வையுங்கள். ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதை வைத்தே பெரும்பாலும் விலை போடுவார்கள். பழைய அட்டவணையில் 61–65 வயதுக்கு 46,000, 66–70க்கு 55,200. அப்பா இந்த ஆண்டு 66க்குள் நுழைந்துவிட்டார். ஆக 9,200 ரூபாய் வயதுப் படி ஏறியதால் வந்தது. புதிய அட்டவணையில் அதே 66–70க்கு 63,000. மீதி 7,800 ரூபாய் நிறுவனம் விலையைத் திருத்தியதால் வந்தது. 55,200இல் அது 14 சதவீதத்துக்குச் சற்று மேல்.

வயதுப் படியில் ஏறியது 10 சதவீத வரம்புக்குள் வராது என்று நிறுவனம் வாதிடலாம். வாதிடட்டும். அதை எழுத்தில் வாங்குங்கள். அந்த வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும், விலைத் திருத்தம் மட்டுமே 14 சதவீதம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இந்த ஒரு கணக்கு போதும். கோபமும் வேண்டாம், அடிக்கோடும் வேண்டாம்.

கிளெய்ம் வாங்கியதற்குத் தண்டனையா?

இல்லை. தனிப்பட்ட ஒருவர் கிளெய்ம் வாங்கினார் என்பதற்காகப் புதுப்பிக்கும்போது அவருக்கு மட்டும் கட்டணத்தைக் கூட்டக்கூடாது. கிளெய்மைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. மேலே போட்ட கணக்கில் 63,000 முழுவதும் அட்டவணையிலேயே கிடைத்துவிட்டது. அதே பாலிசி வைத்திருக்கும், ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத 66 வயதுக்காரருக்கும் இதே தொகைதான். அப்பாவின் இதயத்துக்கு என்று தனியாக ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை.

இனி அந்த மாத்திரை. ஒன்பது ஆண்டுகளாக இதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது வரியில், நோயாளிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ரத்த அழுத்தம், மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்தத் தாள் ஆகஸ்டிலேயே நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 2,40,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள்.

காரணமும் இருக்கிறது. நான் முன்பு சொன்ன 5 ஆண்டு விதிதான். 60 மாதம் இடைவிடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, படிவத்தில் சொல்லாமல் விட்டதைக் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் இந்த 60 மாதம் ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாக ஓடும். 2016இல் எடுத்த முதல் 5 லட்சத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. 2022இல் கூட்டிய 5 லட்சத்துக்கு 2027 ஜனவரியில்தான் முடியும். 2022ஆம் ஆண்டுப் படிவத்தில் ரத்த அழுத்தத்தைக் குறிப்பிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை; தேடிப் பாருங்கள். அதிலும் விட்டுப்போயிருந்தால், நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவித்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. இரண்டாவது 5 லட்சத்தைப் பற்றி அவர்கள் ஏதாவது நிபந்தனை பேசலாம். பேசினால் இப்போதே பேசட்டும். அப்பா ஆபரேஷன் அறைக்குள் இருக்கும்போது வேண்டாம். “எழுத வேண்டாம்” என்ற முகவரின் பேச்சு எந்தத் தாளிலும் இல்லை. கையெழுத்து உங்கள் அப்பாவுடையது.

போகிற போக்கில் ஒன்று. டிஸ்சார்ஜ் அன்று காலை 11 மணிக்கு பில் அனுப்பியும் மாலை 6 வரை அனுமதி வரவில்லை, அரைநாள் அறை வாடகை கூடுதலாகக் கட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக வாங்கினால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். அந்த ரசீதையும் கடிதத்தோடு இணையுங்கள். சிறிய தொகைதான். ஆனால் கூடிய பிரீமியத்துக்கு ஈடாகக் கிடைத்த உரிமைகளில் அதுவும் ஒன்று. ஏன் விட வேண்டும்?

தம்பியின் கணக்கும் முகவரின் 41,000மும்

தம்பி சொல்வதை முழுக்கத் தள்ள மாட்டேன். பாலிசி இருந்தாலும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். ஆகஸ்டிலேயே கையுறை, உணவு, பரிசோதனை என்று பாலிசி தராத செலவுகளை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். ஆனால் பாலிசிக்குப் பதிலாகச் சேமிப்பு என்றால் கணக்கு இடிக்கிறது. ஆண்டுக்கு 63,000 வீதம் 7 சதவீத வட்டியில் பத்து ஆண்டு போட்டால் ஏறக்குறைய 9.3 லட்சம் வரும். இன்று பாலிசி தரும் 10 லட்சத்தை எட்ட அப்பாவுக்கு 76 வயதைத் தாண்டிவிடும். நடுவில் அவர் ஒருமுறையும் படுக்கக் கூடாது. ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது.

முகவரின் யோசனையில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்வது ஒன்று, புதிதாக எடுப்பது வேறு. போர்ட் செய்தால் இத்தனை ஆண்டுக் காத்திருப்புக் காலமும் அந்த 60 மாதக் கணக்கும் கூடவே வரும். புதிதாக எடுத்தால் எல்லாம் சுழியிலிருந்து. இதயமும் இப்போது ‘ஏற்கெனவே இருக்கும் நோய்’ ஆகிவிட்டதால் மூன்று ஆண்டு வரை அதற்குப் பணம் கிடைக்காமல் போகலாம். அவர் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். போர்ட் என்றாலும், புதிய நிறுவனம் உங்களை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தத் தடவை படிவத்தில் ரத்த அழுத்தம், ஸ்டென்ட் இரண்டையும் எழுதியாக வேண்டும். ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியை விடாதீர்கள்.

பிறகு, 41,000 ஏன் இவ்வளவு மலிவு என்று பாருங்கள். மூத்த குடிமக்கள் பாலிசிகளில் 20 சதவீதம் கோ-பே இருப்பது சாதாரணம். அதாவது ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. ஆகஸ்டில் வாங்கிய 2,40,000க்கு அது 48,000 ரூபாய். பிரீமியத்தில் மிச்சமாவது 22,000. அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வரம்புக்கு மேற்பட்ட அறையில் தங்கினால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது; மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் அறை போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை ஆகியவற்றில் மட்டும் அப்படி வெட்டக்கூடாது.

63,000 உண்மையிலேயே தாங்காது என்றால், நிறுவனத்தை விடாமலேயே குறைக்க வழி கேளுங்கள். 10 சதவீதம் கோ-பேக்கு ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறையும் என்று எழுதிக் கேட்கலாம். அதுவும் முடியாதபோது, எல்லா மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் விற்க வேண்டிய ‘ஆரோக்ய சஞ்சீவனி’ இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான பாலிசி, 5 சதவீதம் கோ-பே. அதே நிறுவனத்துக்குள் மாறினால் பழைய காலம் வீணாகாது. ஆனால் அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் தராது. சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் அந்த விலைக்குத் தனி அறை எதிர்பார்க்க முடியாது; இருவர் அறை போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். காப்பீட்டுத் தொகையை 5 லட்சமாகக் குறைப்பதை மட்டும் கடைசி வழியாக வையுங்கள். பிறகு ஏற்றும்போது மறுபடி முதலிலிருந்து ஆராய்வார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் ஒரே ரேஷன் கார்டில் இருப்பதால் உங்கள் சம்பளமும் சேரும், கிடைக்காது. அதற்காக வருமானச் சான்றிதழில் விளையாடச் சொல்லும் ‘ஆலோசகர்கள்’ தாலுகா அலுவலக வாசலிலேயே நிற்பார்கள், அந்தப் பக்கம் போக வேண்டாம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்ச ரூபாய் தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்ட விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியது. தனியார் பாலிசி வைத்திருப்பதும் அதற்குத் தடையில்லை. அப்பாவுக்கு அதற்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. தொடர் பரிசோதனைகளை ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனையிலோ, கிண்டியில் முதியோருக்கென்றே இருக்கும் மையத்திலோ வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பாலிசி எப்படியும் வெளிநோயாளிச் செலவைத் தருவதில்லை.

நவம்பர் 25க்குள்

போர்ட் செய்ய விரும்பினால் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரி 9இலிருந்து பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 25. ஒரு வாரம்தான் இருக்கிறது.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று கேள்விகள் போதும்: 17,000 ரூபாயில் வயதுக்கு எவ்வளவு, விலைத் திருத்தத்துக்கு எவ்வளவு? 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற ஆணையத்தைக் கலந்து பேசினீர்களா, எந்தத் தேதியில்? கோ-பே சேர்த்தால் கட்டணம் எவ்வளவு? பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ இணையதளத்தில் பதிவு செய்யலாம். 155255 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஒரு மாதம் கழித்தும் தீராவிட்டால், தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்மன்) அலுவலகம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. என்னைப் போன்ற வழக்கறிஞர்களை உள்ளே விடவே மாட்டார்கள். பாலிசிப்படி கட்ட வேண்டிய பிரீமியம் பற்றிய தகராறும் அவர் விசாரிக்கக்கூடியதுதான்.

இத்தனையும் ஒரு பக்கம் நடக்கட்டும். ஜனவரி 9க்குள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் பணத்தைக் கட்டிவிடுங்கள். “என் ஆட்சேபத்தை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்” என்று ஒரு வரி மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டலாம். 30 நாள் சலுகைக் காலம் உண்டு. ஆனால் ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டும் உங்களுக்கு அந்த இடைவெளியில் ஏதாவது நேர்ந்தால் பணம் கிடைக்காது. அதை நம்பி இருக்காதீர்கள்.

தம்பியைப் பாதி கட்டச் சொல்லுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால், 60 வயதைத் தாண்டிய பெற்றோரின் பிரீமியத்துக்கு 80டி பிரிவில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு; யார் எவ்வளவு கட்டினாரோ அவருக்கு அவ்வளவு, ரொக்கமாக மட்டும் கட்டக்கூடாது. நீங்கள் ஒருவரே 63,000 கட்டினால் 13,000 ரூபாய்க்குக் கழிவு கிடைக்காது. ஆளுக்கு 31,500 என்றால் முழுவதுக்கும் கிடைக்கும். புதிய வரிமுறைக்கு மாறியிருந்தால் இது பொருந்தாது.

கடைசியில், பின்குறிப்பாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “அப்பாவிடம் தொகையைச் சொன்னால், எனக்காக இவ்வளவா, விட்டுவிடு என்பார். மறைக்கட்டுமா?” மறைக்க முடியாது, அம்மா. பாலிசி அவர் பெயரில் இருக்கிறது. போர்ட் படிவத்திலும், ரத்த அழுத்தம் பற்றிய கடிதத்திலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே மருத்துவமனை பில்லையும் எடுத்துப் போங்கள். அச்சகத்தில் இருந்தவர், சிறிய எழுத்தைக்கூடப் படிப்பார்.